டைமிங் பெல்ட் வழுக்கிய பிறகு: வளைந்த வால்வைக் கண்டுபிடித்துச் சரிசெய்வது எப்படி?

ஓடிக்கொண்டிருந்த கார் திடீரென்று அணைந்துபோகிறது. மறுபடி செல்ஃப் அடித்தால் எஞ்சின் வழக்கத்தைவிட வேகமாகச் சுற்றுகிறது, ஆனால் பற்ற மாட்டேன் என்கிறது. இந்த இரண்டும் சேர்ந்து வந்தால் சாவியை உருவிப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். இன்னொரு தடவை அடித்துப் பார்க்கலாமே என்று கை பரபரக்கும். பக்கத்தில் நிற்பவர் இரண்டாவது கியரில் போட்டுத் தள்ளலாம் என்பார். இரண்டுமே வேண்டாம். எஞ்சினுக்குள் காற்றையும் புகையையும் விடும் வால்வுகளை நேரத்துக்குத் திறக்க வைப்பது டைமிங் பெல்ட். அது அறுந்தோ வழுக்கியோ இருந்தால், நீங்கள் அடிக்கும் ஒவ்வொரு செல்ஃபும் இன்னொரு வால்வை வளைக்கக்கூடும். கொஞ்சமாக வளைந்தது நன்றாக வளையும். நன்றாக வளைந்தது தலை உடைந்து சிலிண்டருக்குள் விழும்.

எண்ணெய், பிளக், பெல்ட் எல்லாம் சொந்தமாக மாற்றிப் பழகி, முதன்முறையாக ஹெட்டை, அதாவது வால்வுகள் இருக்கும் எஞ்சினின் மேல்பகுதியை, கழற்றப் போகிறவருக்காக இதை எழுதுகிறேன். வண்டியைப் பட்டறையில் விடப்போகிறவரும் படிக்கலாம். எதைக் கேட்டு வாங்க வேண்டும் என்று தெரியும். உதாரணத்துக்கு 4 சிலிண்டர், 16 வால்வு, இரட்டை கேம் (வால்வுகளை அழுத்தித் திறக்கும் தண்டு) பெட்ரோல் எஞ்சினை எடுத்துக்கொள்கிறேன். முதல் தலைமுறை ஹூண்டாய் வெர்னாவின் 1.6 பெட்ரோல் இந்த வகைதான். அதில் பெல்ட் எக்ஸாஸ்ட் (புகை வெளியேறும் பக்க) கேமை மட்டும் சுற்றும். அங்கிருந்து ஒரு சின்னச் சங்கிலி இன்டேக் (காற்று உள்ளே வரும் பக்க) கேமுக்குப் போகும். டீசலுக்குத் தனியாகக் கொஞ்சம் பிறகு சொல்கிறேன்.

வால்வு ஏன் வளைகிறது?

பிஸ்டன்கள் சுழற்றும் தண்டான கிராங்க் இரண்டு சுற்றுச் சுற்றும்போது கேம் ஒரு சுற்றுச் சுற்ற வேண்டும். பிஸ்டன் உச்சிக்கு வரும் நேரத்தில் வால்வு ஒதுங்கியிருக்க வேண்டும். இந்த ஒழுங்கைக் காப்பது ரப்பர் பெல்ட்டின் பற்கள் மட்டும்தான். கேம் சக்கரத்தில் 40 பற்கள் என்று வைத்துக்கொண்டால், ஒரு பல் தாவினால் கேம் 9 டிகிரி பிசகும். கிராங்க் கணக்கில் அது 18 டிகிரி. ஒரு பல் அளவுக்குப் பெரும்பாலும் முட்டாது. வண்டி ஓடும், ஆனால் பிக்கப் இருக்காது, ஐடிலில் நடுங்கும், ஸ்கேனரில் கேமும் கிராங்கும் ஒத்துப்போகவில்லை என்று பி0016 போன்ற குறியீடு வரும். இரண்டு மூன்று பல் தாவினால்தான் ஆபத்து ஆரம்பிக்கிறது. பெல்ட் அறுந்தால் கேம் நின்ற இடத்திலேயே நிற்கும், பிஸ்டன்கள் மட்டும் வேகத்தோடு ஏறி இறங்கும். திறந்து நின்ற வால்வின் தலையில் பிஸ்டன் போய் மோதும்.

எல்லா எஞ்சினும் இப்படி முட்டாது. சில பழைய எஞ்சின்களில் முழுதாகத் திறந்த வால்வைக்கூடப் பிஸ்டன் தொடாத அளவுக்கு இடம் விட்டிருப்பார்கள். இன்றைய எஞ்சின்களில் கம்ப்ரெஷன் அதிகம், வால்வு ஏற்றமும் அதிகம். அந்த இடம் கிடையாது. உங்கள் எஞ்சின் எந்த வகை என்பதை அதன் சர்வீஸ் கையேட்டில் பாருங்கள். தெரியாவிட்டால் முட்டும் வகை என்றே வைத்துக்கொண்டு வேலை செய்யுங்கள்.

முதலில் காதையும் கண்ணையும் நம்புங்கள்

நல்ல எஞ்சினில் செல்ஃப் சத்தம் ஒரே சீராக வராது. ஒவ்வொரு பிஸ்டனும் கம்ப்ரெஷனுக்கு (காற்றை அழுத்த) ஏறும்போது கொஞ்சம் திணறி, அப்புறம் விடும். நான்கு சிலிண்டரிலும் அந்தத் திணறல் இல்லாமல் ‘விர்ர்’ என்று சுற்றினால் பெல்ட் போயிருக்கிறது, அல்லது பல வால்வுகள் மூடாமல் நிற்கின்றன. மூன்று திணறலுக்கு ஒரு முறை வெறுமையாகக் கேட்டால் ஒரு சிலிண்டரில்தான் கோளாறு. வண்டி நின்றபோது அடித்த செல்ஃபிலேயே இது காதில் விழுந்திருக்கும். நினைவில் இருப்பதே போதும், சோதிப்பதற்காகத் திரும்ப அடிக்காதீர்கள்.

பேட்டரி நெகட்டிவ் கேபிளைக் கழற்றிவிட்டு மேல் டைமிங் கவரைத் திறங்கள். பெல்ட் முழுதாக இருக்கிறதா, பற்கள் உரிந்திருக்கின்றனவா, தொளதொளப்பாக இருக்கிறதா என்று பாருங்கள். டார்ச் அடித்துச் சுற்றுப்புறத்தையும் பார்க்க வேண்டும், ஏனென்றால் பெல்ட் காரணமில்லாமல் வழுக்குவதில்லை. கேம் சீல் அல்லது கிராங்க் சீலிலிருந்து எண்ணெய் கசிந்து ரப்பரை ஊற வைத்திருக்கலாம். பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரின் ஸ்பிரிங் தளர்ந்திருக்கலாம். பெல்ட்டே வாட்டர் பம்பைச் சுற்றும் எஞ்சின் என்றால் பம்பின் பேரிங் இறுகியிருக்கலாம். கவர் உடைந்து ஒரு சின்னக் கல் பற்களுக்கு நடுவே போயிருக்கலாம். கண்டதைப் படம் எடுத்து வையுங்கள். இந்தக் காரணத்தைச் சரிசெய்யாமல் எத்தனை புது வால்வு போட்டாலும் பணம் வீண்.

பிறகு நான்கு ஸ்பார்க் பிளக்கையும் கழற்றுங்கள். கிராங்க் போல்ட்டில் நீளக் கைப்பிடி போட்டு, எஞ்சின் இயல்பாகச் சுற்றும் திசையிலேயே கையால் சுற்றுங்கள். பெரும்பாலான எஞ்சின்களுக்கு அது கடிகார முள் திசை. பழைய ஹோண்டாக்கள் பலவற்றில் எதிர்த்திசை. எங்காவது உலோகத்தில் இடித்ததுபோலக் கட்டியாக நின்றால் அழுத்தாதீர்கள். அங்கே பிஸ்டனும் வால்வும் தொட்டுக்கொண்டிருக்கின்றன.

பெல்ட் அறுந்திருந்தாலும், வழுக்கிய பெல்ட்டைக் கழற்றிவிட்டாலும் வரிசை முக்கியம். முதலில் கிராங்கை உச்சிப் புள்ளியிலிருந்து (ஒன்றாம் பிஸ்டன் மிக மேலே நிற்கும் இடம்) கால் சுற்று, அதாவது 90 டிகிரி, தள்ளி வையுங்கள். இப்போது நான்கு பிஸ்டனும் சிலிண்டரின் நடுவில் நிற்கும். கேமை எப்படித் திருப்பினாலும் முட்டாது. கேமை அதன் குறிக்குக் கொண்டுவந்து நிறுத்துங்கள். அப்புறம் கிராங்கை உச்சிப் புள்ளிக் குறிக்குத் திருப்பி, பெல்ட்டை மாட்டுங்கள். கையால் இரண்டு முழுச் சுற்று சுற்றி, குறிகள் திரும்பவும் நேராக வருகின்றனவா என்று பார்த்த பிறகுதான் சோதனைக்குப் போக வேண்டும்.

ஹெட்டைக் கழற்றுவதற்கு முன் உறுதி செய்யுங்கள்

இந்த இடத்தில்தான் பலர் அவசரப்படுகிறார்கள். பெல்ட் வழுக்கியது என்றதுமே ஹெட்டை இறக்குவதும் தவறு, புது பெல்ட்டைப் போட்டு நேராக ஸ்டார்ட் செய்து பார்ப்பதும் தவறு. அளந்து பார்த்தால் பதில் தானே வரும்.

செல்ஃப் அடிக்காமலே செய்யக்கூடியது காற்றுச் சோதனை. ஒரு சிலிண்டரைக் கம்ப்ரெஷன் உச்சியில் நிறுத்தி, பிளக் துளை வழியாகக் கம்ப்ரஸர் காற்றை விட்டு, எங்கே சீறுகிறது என்று கேட்பதுதான் சோதனை. த்ராட்டில் பக்கம் சீறினால் இன்டேக் வால்வு. சைலன்சர் வாயில் சீறினால் எக்ஸாஸ்ட் வால்வு. எண்ணெய் ஊற்றும் மூடியைத் திறந்தால் அங்கே சீறினால் பிஸ்டன் ரிங். ரேடியேட்டரில் குமிழ் வந்தால் ஹெட்டுக்கு அடியில் இருக்கும் ஹெட் கேஸ்கெட். ரிங் வழியாகக் கொஞ்சம் கசிவது எல்லா எஞ்சினிலும் உண்டு, அதைக் கண்டு பயப்பட வேண்டாம். வளைந்த வால்வின் சீறல் அப்படி மெல்லிசாக இருக்காது. போகிற காற்றெல்லாம் அப்படியே வெளியே போகும். ஒன்றாம் சிலிண்டரை முடித்துவிட்டு கிராங்கை அரைச் சுற்று சுற்றினால் மூன்று, அப்புறம் நான்கு, அப்புறம் இரண்டு; 1-3-4-2 என்ற எரியும் வரிசையிலேயே போகலாம். காற்று விடும் முன் கிராங்கிலிருந்து ஸ்பேனரை எடுத்துவிடுங்கள். அழுத்தம் பிஸ்டனைத் தள்ளினால் ஸ்பேனர் சுழன்று வந்து கையை உடைக்கும்.

கம்ப்ரஸர் இல்லாதவர்கள் கேஜ் வைத்துக் கம்ப்ரெஷன் பார்க்கலாம். கையால் இரண்டு சுற்றும் தடையின்றிச் சுற்றியிருந்தால் மட்டும் இதற்கு வாருங்கள். பேட்டரியைத் திரும்ப இணைத்து, பிளக் கம்பிகளையும் இன்ஜெக்டர் இணைப்பையும் கழற்றி, ஆக்ஸிலரேட்டரை முழுக்க மிதித்துக்கொண்டு நாலைந்து திணறல் வரை செல்ஃப் அடியுங்கள். இந்த மாதிரி பெட்ரோல் எஞ்சினில் பெரும்பாலும் 150 முதல் 200 பி.எஸ்.ஐ. வரை காட்டும். துல்லியமான எண்ணைவிட நான்கும் ஒன்றுக்கொன்று பக்கத்தில் இருப்பது முக்கியம். மூன்றில் 180, ஒன்றில் பூஜ்யம் என்றால் சந்தேகமே இல்லை. இருபது முப்பது குறைவாக இருந்தால் பிளக் துளையில் ஒரு ஸ்பூன் எஞ்சின் எண்ணெய் விட்டு மறுபடி பாருங்கள். எண் ஏறினால் ரிங் தேய்மானம். ஏறவே இல்லையென்றால் வால்வு.

டாப்பெட் (கேமுக்கும் வால்வுக்கும் நடுவில் இருக்கும் பாகம்) இடைவெளியைத் திருகி வைக்கும் எஞ்சின்களில், இடைவெளியை அளக்கும் மெல்லிய தகடான ஃபீலர் கேஜே காட்டிக்கொடுத்துவிடும். வளைந்த வால்வு முழுதாக மேலே ஏறி மூடாததால் அதன் தண்டின் நுனி கீழே நிற்கும்; அந்த இடத்தில் மட்டும் இடைவெளி மற்றவற்றைவிடப் பெரிதாகத் தெரியும். ஹைட்ராலிக் டாப்பெட்டில் இந்த வித்தை பலிக்காது, இடைவெளியை எண்ணெயே நிரப்பி மறைத்துவிடும். பிளக் துளைக்குள் போகிற சின்னக் கேமரா கிடைத்தால் பிஸ்டன் தலையைப் பாருங்கள். கரியின் மேல் பிறை வடிவில் பளபளப்பாக ஒரு தடம் இருந்தால் வால்வு அங்கே மோதியிருக்கிறது.

நான்கு சிலிண்டரும் சரியாகக் காட்டினால், முட்டாமல் தப்பித்துவிட்டது. பெல்ட் வேலையோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

ஹெட்டை இறக்குதல்

எஞ்சின் முழுக்க ஆறியிருக்க வேண்டும். சூட்டோடு கழற்றினால் அலுமினிய ஹெட் கோணிக்கொள்ளும். கூலன்ட்டை வடித்து, எரிபொருள் அழுத்தத்தை இறக்கி, ஒவ்வொரு ஹோஸிலும் ஒயரிலும் டேப் ஒட்டி எண் எழுதுங்கள். கேம் மூடிகளில் எண்ணும் அம்புக்குறியும் இருக்கும். அவற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக, எல்லாவற்றையும் சுற்றிச் சுற்றித் தளர்த்த வேண்டும். ஒரே மூடியை முழுக்கக் கழற்றினால் ஸ்பிரிங் அழுத்தம் கேமை உடைக்கும். வெர்னா போல கேம்களுக்கு நடுவே சங்கிலி இருந்தால், கழற்றும் முன் சங்கிலிக் கண்ணிக்கும் சக்கரத்துக்கும் பெயின்டால் குறி வைத்துவிடுங்கள். ஹெட் போல்ட்டுகளை வெளி ஓரங்களிலிருந்து நடுவை நோக்கித் தளர்த்துங்கள். மாட்டும்போது நடுவிலிருந்து வெளியே. டாப்பெட்டுகளைக் கழற்றிய வரிசையிலேயே எண் போட்ட தட்டில் வையுங்கள்.

ஹெட்டைக் கவிழ்த்து வைத்ததும் பல வால்வுகள் பார்வைக்கே தெரியும். ஒரு பக்கம் இருக்கையில் (வால்வு மூடும்போது அமரும் வளையம்) உட்கார்ந்து, மறுபக்கம் பிறைபோல இடைவெளி காட்டும். சந்தேகமானவற்றுக்கு, ஹெட்டைப் பக்கவாட்டில் நிறுத்தி இன்டேக், எக்ஸாஸ்ட் துளைகளில் பெட்ரோல் ஊற்றிப் பாருங்கள். சிலிண்டர் பக்கம் ஒழுகினால் அந்த வால்வு மூடவில்லை. திறந்தவெளியில், பீடி சிகரெட் பக்கத்தில் இல்லாமல் செய்ய வேண்டிய வேலை இது. மண்ணெண்ணெய் கிடைத்தால் அதுவே மேல்.

வால்வைக் கழற்றும்போது ஒரு சின்ன விஷயத்தைக் கவனியுங்கள். ஸ்பிரிங்கை அழுத்தி, அதைத் தண்டோடு பிடித்திருக்கும் லாக்கை எடுத்த பிறகு, தண்டின் நுனியில் லாக் உட்காரும் பள்ளத்தை விரலால் தடவிப் பாருங்கள். மோதலில் அந்த விளிம்பு சற்றே விரிந்து, நகத்தில் மாட்டும் அளவுக்குப் பிசிறு கிளம்பியிருக்கும். அப்படியே இழுத்தால் அந்தப் பிசிறு, வால்வுத் தண்டு ஓடும் குழாயான கைடின் உள்பக்கத்தை நீளமாகக் கீறிவிடும். நல்ல கைடு வீணாகும். மெல்லிய அரத்தால் நாலு தேய்ப்பு தேய்த்துவிட்டு எடுங்கள். அப்போதும் வராவிட்டால் சுத்தியலால் அடித்து இறக்காதீர்கள். லேத் பட்டறையில் தண்டை அறுத்து எடுப்பார்கள்.

எல்லா வால்வையும் கண்ணாடித் தகட்டின் மேல் தலை ஓரத்துக்கு வெளியே இருக்கும்படி வைத்து உருட்டுங்கள். தலை மேலும் கீழும் ஆடினால் வளைவு. கண்ணுக்குத் தெரியாத வளைவுக்கு வி-பிளாக்கும் டயல் கேஜும் வேண்டும். சில நூறில் ஒரு பங்கு மி.மீ. கோணலே கசிவுக்குப் போதும்.

வளைந்த வால்வை நிமிர்த்தாதீர்கள்

லேத்தில் பிடித்து நிமிர்த்தித் தருகிறேன் என்று சொல்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். செலவு மிச்சம் என்று தோன்றும். ஒருமுறை வளைந்து நிமிர்ந்த எஃகில், தலைக்கும் தண்டுக்கும் நடுவே மெல்லிய விரிசல் ஒளிந்திருக்கும். எஞ்சின் 3000 சுற்றில் ஓடும்போது ஒவ்வொரு வால்வும் நிமிடத்துக்கு 1500 முறை இருக்கையில் அடிபடுகிறது. எக்ஸாஸ்ட் வால்வு செக்கச் செவேலென்ற சூட்டில். அந்த இடத்தில் தலை உடைந்து விழுந்தால் பிஸ்டன், ஹெட், சிலிண்டர் மூன்றும் போகும். வளைந்த ஒவ்வொரு வால்வையும் புதிதாகப் போட்டே ஆக வேண்டும். எட்டு இன்டேக்கில் இரண்டு மூன்று வளைந்திருந்தால் எட்டையும் மாற்றிவிடுங்கள் என்றுதான் நான் சொல்வேன்; மோதல் வாங்கிவிட்டு நேராக இருப்பதுபோல் தெரியும் வால்வை நம்ப எனக்கு மனம் வருவதில்லை. பழைய வண்டி உதிரிபாகம் விற்கும் சென்னை புதுப்பேட்டை போன்ற இடங்களில் பழைய ஹெட் முழுதாக வாங்குவது சில நேரம் லாபம்தான், சோதித்து வாங்கினால். பழைய வால்வை மட்டும் தனியாக வாங்காதீர்கள்.

பட்டறையில் விடுபவர்கள் கழற்றிய வால்வுகளைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். எத்தனை மாற்றினார்கள், எது வளைந்திருந்தது என்பதை உங்கள் கண்ணால் பார்க்க உங்களுக்கு உரிமை உண்டு.

அடுத்து கைடு. புது வால்வைப் போட்டு, தலையைப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். தண்டுக்கும் கைடுக்கும் நடுவே பொதுவாக 0.02 முதல் 0.06 மி.மீ. வரைதான் இடைவெளி, கையில் தெளிவாக ஆட்டம் தெரிந்தால் தேய்ந்திருக்கிறது. கீழ் நுனியில் விரிசலும் பாருங்கள். கைடு மாற்றுவதும் 45 டிகிரி இருக்கை வெட்டுவதும் லேத் பட்டறை வேலை, வீட்டில் முயலாதீர்கள்.

லேப்பிங், அதாவது வால்வையும் இருக்கையையும் பேஸ்ட் வைத்துத் தேய்த்துப் பொருத்துவதை, நீங்களே செய்யலாம். வால்வு முகத்தில் பேஸ்ட்டைப் பொட்டுப் பொட்டாக வைத்து, உறிஞ்சு கோலால் பிடித்து, மத்தால் தயிர் கடைவதுபோல இரு கைக்கும் நடுவே முன்னும் பின்னும் உருட்டி, அவ்வப்போது தூக்கிக் கொஞ்சம் திருப்பி வைத்துத் தொடருங்கள். ஆரம்பத்தில் கரகரவென்று கேட்கும் சத்தம் மெதுவாக மழுங்கும். துடைத்துப் பார்த்தால் சுற்றிலும் அறுபடாத சாம்பல் நிற வளையம் தெரிய வேண்டும். அகலம் சுமார் 1 முதல் 1.5 மி.மீ., எக்ஸாஸ்டில் சற்றுக் கூடுதல். ஓரிடத்தில் வளையம் விட்டுப்போனால் இருக்கையே அடிபட்டிருக்கிறது. பேஸ்ட் முழுக்கப் போக மண்ணெண்ணெயிலும், அப்புறம் சோப்பு வெந்நீரிலும் கழுவுங்கள். ஒரு துளி மிஞ்சினாலும் அது எண்ணெயோடு கலந்து பேரிங்கை அரைக்கும். பூச்சு உள்ள வால்வுகளை லேப் செய்யக் கூடாது என்று சில தயாரிப்பாளர்கள் சொல்வார்கள், கையேட்டைப் பார்த்துவிடுங்கள்.

ஹெட்டின் தளத்தில் நேர்க்கோல் வைத்து ஃபீலர் கேஜால் சோதியுங்கள், பொதுவாக 0.05 மி.மீ.க்கு மேல் போனால் ஃபேசிங் (தளத்தைச் சீவிச் சமன் செய்வது) தேவை. பிஸ்டனில் சிறு தடம் இருந்தால் கூர்மையைத் தேய்த்துவிட்டுத் தொடரலாம். ஆழமான பள்ளமோ விரிசலோ இருந்தால் பிஸ்டன் மாற்ற வேண்டும். நான்கு பிஸ்டனையும் ஒவ்வொன்றாக உச்சிக்குக் கொண்டுவந்து உயரத்தை ஒப்பிடுங்கள். ஒன்று தாழ்ந்திருந்தால் கனெக்டிங் ராடு வளைந்திருக்கிறது.

திரும்ப மாட்டும்போது

புது வால்வு சீல்கள், தண்டில் எண்ணெய், ஸ்பிரிங், லாக். மாட்டியதும் தண்டின் நுனியைப் பிளாஸ்டிக் சுத்தியலால் மெதுவாகத் தட்டி லாக் உட்கார்ந்ததா என்று பார்த்து, மறுபடி துளைகளில் ஊற்றிச் சோதியுங்கள். பிளாக்கின் போல்ட் குழிகளில் எண்ணெயோ தண்ணீரோ தேங்கியிருக்கக் கூடாது. போல்ட் இறங்கும்போது வெளியேற வழியில்லாத திரவம் பிளாக்கையே பிளக்கும். போல்ட்டுகள் டிகிரி கணக்கில் முறுக்கும் வகையானால் புதிதுதான் போட வேண்டும். கையேட்டில் உள்ள டார்க் (முறுக்கும் விசையின் அளவு), வரிசை, டிகிரி மூன்றையும் அப்படியே பின்பற்றுங்கள்.

பெல்ட்டோடு டென்ஷனர், ஐட்லர், கேம் சீல், கிராங்க் சீல், பெல்ட் சுற்றும் வாட்டர் பம்ப் எல்லாமே இப்போதே மாற்றிவிடுங்கள். பெல்ட்டை மடிக்கவோ முறுக்கவோ கூடாது, எண்ணெய்க் கையால் தொடவும் கூடாது. டென்ஷன் வைத்து, கையால் இரண்டு முழுச் சுற்று சுற்றி, குறிகளையும் டென்ஷனையும் மறுபடி பாருங்கள். ஹைட்ராலிக் டாப்பெட் உள்ள எஞ்சினில் கேம் மாட்டிய பிறகு அரை மணி நேரம் காத்திருங்கள். எண்ணெய் நிறைந்து நீண்டு நிற்கும் டாப்பெட் வால்வைத் திறந்தே பிடித்திருக்கும். உடனே சுற்றினால் திரும்பவும் முட்டும்.

டீசல்காரர்களுக்கு

டீசலில் பிஸ்டன் ஹெட்டை ஏறத்தாழ உரசும் அளவுக்கு ஏறுவதால் வழுக்கினால் தப்பிப்பது அரிது. பழைய டஸ்டரின் 1.5 டீசலில் வால்வுகள் செங்குத்தாக நிற்கின்றன. இப்படி நேருக்கு நேர் அடி விழும் இடங்களில் டாப்பெட், கேம், கேம் மூடி ஆகியவற்றையும் விரிசலுக்குப் பார்க்க வேண்டும். கம்ப்ரெஷன் 25 பாருக்கு மேல் போகும், பெட்ரோல் கேஜை மாட்டினால் உடையும். பல டீசல் ஹெட்டுகளை ஃபேசிங் செய்ய அனுமதி கிடையாது. கேஸ்கெட்டின் தடிமனைப் பிஸ்டன் எவ்வளவு வெளியே நீட்டுகிறது என்று அளந்துதான் தேர்ந்தெடுக்க வேண்டும்.

முதல் ஸ்டார்ட்

புது எண்ணெய், புது ஃபில்டர், புது கூலன்ட். பிளக் போடும் முன் கம்ப்ரெஷனை ஒருமுறை அளந்து நான்கு எண்களையும் எழுதி வையுங்கள். ஸ்டார்ட் ஆனதும் டாப்பெட் சில நிமிடம் கடகடக்கும், அது அடங்கிவிடும். எண்ணெய் விளக்கு அணையாவிட்டாலும், உலோகம் தட்டும் கனத்த சத்தம் தொடர்ந்தாலும் உடனே நிறுத்துங்கள். கூலன்ட்டில் காற்று போகும்வரை சூடாக்கி, ஆறிய பிறகு அளவைப் பாருங்கள். ஆயிரம் கிலோமீட்டர் ஓடியதும் எண்ணெயை மாற்றி, கம்ப்ரெஷனை மறுபடி அளந்து பழைய எண்களோடு ஒப்பிடுங்கள். பெல்ட் போட்ட தேதியையும் கிலோமீட்டரையும் ஒரு ஸ்டிக்கரில் எழுதி டைமிங் கவர் மேலேயே ஒட்டிவிடுங்கள். வண்டியை அடுத்து வாங்குபவருக்கும் அது உதவும்.